எளிய ஊசல்

மங்களேஸ்வரி மிஸ்ஸுக்கு,
பதினொன்றாம் வகுப்பு விண்ணரசி எழுதுவது:
பிசிக்ஸ் ரெக்கார்டு நோட்டை இன்றைக்கு வைக்க முடியாது.
நாய் தின்னவில்லை. மழையில் நனையவில்லை.
அந்த இரண்டையும் போன பருவமே சொல்லிவிட்டேன்.

சனிக்கிழமை ராத்திரி, பாம்பன் குந்துகால் கரை.
வாடை ஓய்ந்து கடல் தட்டையாகக் கிடந்தது.
கரையேற்றிய வல்லத்தில் டார்ச்சைக் கடித்துக்கொண்டு
நைனா முகம்மது நோட்டைப் பார்த்து நான் எழுதினேன்.
அது அவன் அண்ணன் நோட்டைப் பார்த்து அவன் எழுதியது.
அண்ணன் யாரைப் பார்த்தாரோ,
அது அவருக்கே மறந்துவிட்டது.

அப்போது, மீன் போடுகிற ஐஸ் பெட்டி ஒன்று
வானத்திலிருந்து இறங்கியது மிஸ்.
மூடி திறந்தது.
ஏழு கண். மூன்று முழங்கால்.
பேச்சு மட்டும் பின்பக்கமாக.
தப்பாக நினைக்க வேண்டாம்,
அவர்கள் ஊரில் மூச்சு விடுவதும் அந்த வழிதான்,
முகமன் சொல்வதும் அந்த வழிதான்.
"வணக்கம்" என்றது.
நைனா இரண்டடி தள்ளி நின்று பதில் வணக்கம் வைத்தான்.

என் பெயர் கேட்டது. விண்ணரசி என்றேன்.
தடாலென்று மணலில் விழுந்து கும்பிட்டது.
"ஐயோ, அது மாதா பெயர்,
எங்க தெருவுலயே மூணு பேர் இருக்கோம்" என்றேன்.
மூன்று அரசிகளா என்று
மறுபடி விழுந்தது.

அவர்கள் மகாராஜா கோபித்துக்கொண்டு கிளம்பி
நூறு வருஷமாக நம் கடலில் குடியிருக்கிறாராம்.
அடையாளம்?
கறுப்பு. உருளை. முதுகெலும்பு கிடையாது.
பின்பக்கத்தால் மூச்சு.
பயந்துபோனால் குடலைக் கழற்றி எறிந்துவிட்டு
ஆற அமரப் புதுசு வளர்த்துக்கொள்வார்.
"அடச்சே, அட்டை!" என்றான் நைனா.
முழங்கால் தண்ணீரில் நாலு துழாவு.
கிடைத்தார் மகாராஜா, சாண் நீளம்.
ஏழுகண்ணன் அழுதது
(எந்த வழியாக என்று கேட்காதீர்கள்).

பின்னாலிருந்து வெளிச்சம்.
வனக்காப்பாளர் கார்மேகம்.
"கடல் அட்டையத் தொட்டாலே கேஸு, தெரியும்ல?"
படிவத்தை எடுத்தார்.
பெயர் கேட்டார்; ஒன்றரை நிமிஷம் சத்தம் வந்தது.
ஊர் கேட்டார்; மேலே காட்டியது.
"மேலன்னா? தொண்டியா?"
வண்டிக்கு இன்சூரன்ஸ் கேட்டபோதுதான்
மகாராஜா பயந்து
மொத்தக் குடலையும் அவர் பூட்ஸ்மேல் போட்டார்.
அவர்கள் நாட்டில் அதுதான் மிகப் பெரிய விருதாம்.
கார்மேகம் அண்ணனுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை.

மகாராஜா ஊர் திரும்ப மறுத்துவிட்டார்.
அங்கே போனால் ஆள வேண்டும்,
இங்கே மண்ணைத் தின்றால் போதும்.
கடலிலேயே விட்டோம்.

ஏழுகண்ணனாவது கிளம்பலாம் என்றால்
பெட்டி நகரவில்லை.
டீசலா என்றோம், கரண்டா என்றோம்.
இல்லை மிஸ், அது ஓடுவது பொய்யில்.
"நான் எதையும் பாக்கல" என்றார் கார்மேகம்;
ஒரு விரற்கடை எழும்பிற்று.
"நாளையிலேருந்து ஒழுங்கா படிப்பேன்" என்றான் நைனா;
இடுப்பளவு வந்து நின்றது.
வேறு வழியில்லை.
என் ரெக்கார்டு நோட்டைத் திறந்து உள்ளே போட்டேன்.
எளிய ஊசல் சோதனை, பத்து அளவீடுகள்,
நூலையே தொடாமல்
பத்திலும் அச்சு அசலாக ஒன்பது புள்ளி எட்டு,
கீழே "நானே செய்து பார்த்தேன்" என்று கையெழுத்து.

அம்மாடி!
மணல் பறந்தது, வல்லம் கவிழ்ந்தது,
பாலத்து விளக்கெல்லாம் ஒரு கணம் மங்கி
பெட்டி மேகத்தைக் கிழித்துக்கொண்டு போனது.
முன்னுரையிலேயே நிலாவைத் தாண்டியிருக்கும் என்கிறான் நைனா.
முடிவுரை மிச்சத்துக்குப் போதுமாம்.

ஆகவே, இன்னொரு வாரம் அவகாசம் வேண்டும்.
சந்தேகமிருந்தால் இந்தக் கடிதத்தை
இரண்டு கையாலும் பிடித்துப் பாருங்கள்.
அசையாமல் இருந்தால் அத்தனையும் உண்மை.
லேசாக மேலே இழுத்தால்,
மிஸ்,
முதலில் ஃபேனை நிறுத்திவிடுங்கள்.